உனக்காக ருசி பார்த்த ஊர்

இன்று காலை மருமகள் நெத்திலி பொரித்தாள். சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள் பார், அடுப்படியிலிருந்து வந்த அந்த வாசனைக்கு நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். அது நம் தூத்துக்குடி வாசனை இல்லை, இத்தாலியின் ஜெனோவா வாசனை. துறைமுகத்தை ஒட்டின வளைவு மண்டபக் கடையில், தாளைக் கூம்பாகச் சுருட்டி, பொரித்த நெத்திலியை அள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்களே, அதே வாசனை. தலை தானாகத் திரும்பி உன்னைத் தேடியது. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இருந்தாலும் தேடினேன்.

நீயும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர். நீ கடற்கரைக் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை, நான் நாசரேத்துப் புராட்டஸ்டண்ட் வீட்டுக்காரி. மதிய மணி அடித்தால் எல்லாருடைய டிபன் பாக்ஸும் உன் முன்னால்தான் திறக்கும். குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாய். மல்லி வறுக்கும்போது யாரோ கூப்பிட்டிருக்காங்க, நீ திரும்பிப் பாத்திருக்கே என்பாய். கொண்டுவந்தவள் வாயைப் பிளப்பாள். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஜெபம் பண்ண வேண்டும், போட்டதைத் தின்ன வேண்டும், எழுந்திருக்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது நாக்குக்கு அடிமையாவது என்பார் அப்பா.

அப்பேர்ப்பட்ட உன் நாக்குதான் போனது. தொண்டையில் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்டு வைத்த பிறகு, எதை வாயில் போட்டாலும் அட்டையைச் சவைக்கிற மாதிரி இருக்கு என்றாய். ஜெனோவாவில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த உன் மகன், ஒரு தடவை வந்துட்டுப் போங்கம்மா என்று கூப்பிட்டான். ருசி தெரியாதவ அங்கன போய் என்னத்தைத் திங்கப் போறா என்று உன் அக்காவே கேட்டாள். அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துவிட்டாய்.

“ஏளா, ஒரு ஊரைச் சாப்பிட்டுப் பாக்காமத் தெரிஞ்சுக்கிட முடியாது. நீ கூட வா. நீ சாப்பிடு, எனக்குச் சொல்லு.”

போனோம். ஜெனோவாவின் பழைய ஊர்ச் சந்துகளில் எதிரே ஆள் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலே ஜன்னலுக்கு ஜன்னல் துணி காயும். மகன் கொடுத்த மேப்பை நீ பிரிக்கவே இல்லை. காய்கறிப் பையோடு போகிற பெண்களுக்குப் பின்னால் போ, அவர்கள் நிற்கிற இடத்தில் நில். இதுதான் உன் வழி. அப்படிப் போய் முதலில் நின்றது ஒரு விறகடுப்புக் கடை. தாம்பாளம் போன்ற பெரிய செம்புத் தட்டில் கரைத்த கடலைமாவை எண்ணெயோடு ஊற்றிச் சுட்டு, துண்டு போட்டுத் தருகிறார்கள். நான் கடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்றேன். உனக்கு வந்ததே கோபம்!

“நல்லாயிருக்குன்னா? பிஷப் பிரசங்கமுந்தான் நல்லாயிருக்கும். என்னமா இருக்குன்னு சொல்லு.”

மறுபடியும் கடித்தேன். சவைப்பதை நிறுத்தி யோசித்தது அன்றுதான் முதல் தடவை. ஓரம் பஜ்ஜியின் வால் போல முறுகல், நடுவில் களி போல இளக்கம், மேலே மிளகு, அடியில் லேசாகப் புகை. சொல்லச் சொல்ல நீ கண்ணை மூடி எச்சிலை விழுங்கினாய். “எறங்குது” என்றாய். எனக்கு ஒரே பெருமை. அடுத்த கடையில் பாஸ்தா என்கிற வேகவைத்த மாவுப்பட்டையில் ஒரு பச்சைத் துவையலைப் புரட்டிக் கொடுத்தார்கள். திருநீற்றுப் பச்சிலையைப் பூண்டோடு அரைத்திருக்கிறார்கள், தேங்காய் இருக்க வேண்டிய இடத்தில் பாலாடைக்கட்டி என்றேன். எறங்குது, எறங்குது என்று சிரித்தாய்.

பிறகு ஒயின் கடை வந்தது. மதுவைத் தொடமாட்டேன் என்று சிறுமியாக அப்பா பக்கத்தில் நின்று, சபைக்கு முன்னால் பிரதிக்கினை செய்தவள் நான். கிறிஸ்மஸுக்கு நீ பரணியில் ஊறவைக்கிற திராட்சை ஒயினைக்கூடத் தொட்டதில்லை, நீயும் வற்புறுத்தியதில்லை. கடைக்காரர் இரண்டு கிளாஸில் வெள்ளை ஒயினை ஊற்றினார். நீ ஒரு வாய் குடித்துவிட்டு, வெறுந்தண்ணி என்று வைத்துவிட்டாய். என் கிளாஸைப் பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. நீ கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. பரலோகத்தில் இருக்கிற அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் என்றேன்.

“நான்தானே ஏளா முதல்ல போவேன். அங்கன உங்க அப்பாவப் பாத்து நானே சொல்லிக்கிடுதேன்.”

கருவாடு வாங்கப் போகிறவள் மாதிரி சொன்னாய். நான் குடித்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது, அதோடேயே சொன்னேன். முதலில் பிஞ்சுக் கொய்யாவின் துவர்ப்பு. அப்புறம் எலுமிச்சைத் தோலின் கசப்பு, கொஞ்சம்போல. விழுங்கின பிறகு, சாயங்காலம் நம்ம பீச் ரோட்டில் நின்றால் உதட்டில் ஒட்டுமே, அந்த உப்பு. நீ கண்ணை மூடி எச்சிலை விழுங்கினாய். அப்புறம், இது கடலைப் பார்த்த சரிவில் விளைந்த திராட்சை என்றாய். ராத்திரி உன் மகன் விசாரித்துவிட்டு வந்து, ஆமாம்மா, அதேதான் என்றான். நாக்கு செத்த பிறகும் என் வாய்ச்சொல்லிலிருந்தே ஒரு தோட்டத்தைக் கண்டுபிடித்தவள் நீ. உன்னைப் போல் ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை.

கடைசி நாட்களில் உனக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். அப்போதும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தச் சந்துகளைச் சொல்லச் சொன்னாய். பேச்சு நின்ற பிறகு, தொண்டையில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக் காட்டுவாய். எனக்கு அது போதும்.

இன்று தட்டை வைத்துவிட்டு, எப்படி இருக்கு அத்தை என்று கேட்டாள் மருமகள். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க இனி என்னால் ஆகாது. உப்பு ஒரு கல் கூடுதல் என்றேன். தலையோடு கடிக்கலாம், முள் அப்படி முறுகியிருக்கிறது. எலுமிச்சை சரியான சூட்டில் விழுந்திருக்கிறது. அவள் சிரித்துக்கொண்டே சட்டியைக் கழுவப் போய்விட்டாள். நான் நிறுத்தவில்லை, சொல்லிக்கொண்டே தின்றேன். அப்பாவிடம் இதற்குள் சொல்லியிருப்பாய்.

எறங்குதா ஏளா?