சங்கு போட்ட தொட்டி

நவம்பர் 9, ஞாயிறு

தூறல். பூசை முடிந்து வருவதற்குள் புடவை முழுக்க ஈரம். மீன் தொட்டியில் ஒரு ஏஞ்சல் மீன் செத்து மிதந்தது. ஜெனிதான் முதலில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், நானே கழுத்தைத் திருகியது மாதிரி.

ஜெனி என் வீட்டுக்காரர் ஆரோக்கியத்தின் முதல் தாரத்து மகள். நான் வாழ வந்த நாளிலிருந்து என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. தொட்டி வந்த பிறகுதான் இரண்டு வார்த்தை பேசுகிறாள். மீன்களைச் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தோம். ஆஸ்கர் வேண்டாம், வளர்ந்தால் மற்றதை விழுங்கிவிடும். ஃபிளவர்ஹார்ன் யாரோடும் ஒத்துப்போகாது. கடைசியில் ஏஞ்சல் நான்கு, ராம் ஒரு ஜோடி. அன்று கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஞாபகம் இருக்காது.

நவம்பர் 10, திங்கள்

புழுக்கம். சாத்தாங்காடு இரும்புக் கடையில் இரண்டு பில் தப்பாகப் போட்டேன். முதலாளி: "இன்னாமா, தூங்கிகினு கீறியா?"

வீட்டுக்கு வந்தால் ஆண் ராம் போயிருந்தது. பெண் மூலையில் மூச்சு வாங்குகிறது. ஃபில்டர் சரி. ஹீட்டர் சரி. மெட்ரோ தண்ணீர்தான், பிடித்து வைத்து ஊற்றியது. தீனியும் குறைத்தாயிற்று. வேறென்ன?

ஜெனி: "எங்கம்மா இருந்தா இதெல்லாம் சாவாது."

கோபம் வந்தது. அவள் மேல், மீன் மேல், இறந்துபோனவர் மேலும்கூட. மாதா மன்னிக்கட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் பெண் ராமும் இன்னொரு ஏஞ்சலும். மத்தியானம் பர்மிஷன் போட்டு டோல்கேட் வளர்ப்பு மீன் கடைக்கு ஓட்டம். கடைக்கார பாயிடம் போனில் தொட்டி படத்தைக் காட்டினேன்.

"இன்னாமா இது, பாதி கடலை உள்ள கொட்டி வச்சிகீற. சங்கு, சிப்பியெல்லாம் யாரு போட சொன்னது? அது கரைஞ்சி தண்ணி கடினமாயிடும். ராமுக்கு ஆவவே ஆவாது. ஏஞ்சலுக்கும் பேஜாரு."

வலையில் மீனோடு வரும் சங்குகள். ஒவ்வொரு முறை கரைக்கு வரும்போதும் ஆரோக்கியம் மகளுக்கென்று லுங்கியில் முடிந்துகொண்டு வருவார். அவள் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டியில் அடுக்குவாள். கடலுக்குப் போகிறவர் வீட்டில் சங்கு மீனைக் கொல்லும் என்று யாருக்குத் தோன்றும்?

சங்கை எடு என்றால் ஏன் என்பாள். நைனா கொடுத்ததைப் போட்டுத் தன் கையாலேயே கொன்றுவிட்டோம் என்று தெரிந்தால் தாங்குவாளா? சொல்லிவிட்டால் என்ன என்றும் தோன்றியது. நேற்று பேசியதற்குப் பதிலாக இருக்கும். அப்படி நினைத்தது உண்மை.

பாயிடம் கேட்டேன்: சங்கு உள்ளேயே இருக்கணும், எந்த மீன் தாங்கும்?

"அப்ப ஆப்பிரிக்கா மீன் போடு. மஞ்ச லேப்பு. கடினத் தண்ணிதான் அதுக்குப் புடிக்கும். ஆனா மிச்சம் கீற ஏஞ்சலை எடுத்துடு. கூட விட்டா றெக்கைய பிச்சி எறிஞ்சிடும்."

நவம்பர் 12, புதன்

மழை. பள்ளிக்கூடம் லீவு. சொல்லிவிட்டேன். "என் தப்புதான் ஜெனி. மெட்ரோ தண்ணி வராத அன்னிக்கு போர் தண்ணி ஊத்திட்டேன்." எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பே வேகாது. பொய் நம்பும்படிதான் இருந்தது.

"ஒனுக்கு அறிவு கீதா?"

கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவில்லை. சங்கரா வறுத்து வைத்தது அப்படியே ஆறிக் கிடக்கிறது. ஆரோக்கியம் வந்ததும் முதல் புகார் இதுவாகத்தான் இருக்கும்.

நவம்பர் 13, வியாழன்

மிச்சம் இரண்டு ஏஞ்சலையும் கவரில் போட்டு பாய் கடைக்கு. ஷேர் ஆட்டோவில் கவரை ஜெனி மடியிலேயே வைத்திருந்தாள். கடையில் தள்ளி நின்று மஞ்சள் மீன்களை விரலால் காட்டினாள், இது, அது என்று.

பாய் கவரைக் கட்டிக்கொண்டே, "அந்த சங்கு மேட்டரு..." என்று ஆரம்பித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணைக் காட்டினேன். இருமிச் சமாளித்தார். ஜெனி திரும்பி இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு கவரை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். மஞ்சள் மீன்கள் சங்குக்குள் நுழைந்து நுழைந்து வருகின்றன. நன்றாகத் தின்கின்றன.

வாங்க வேண்டியது: தேங்காய், புளி, மீன் தீனி.

சாயங்காலம் போன் அடித்தது. படகு கரைக்குக் கிட்டே வந்து சிக்னல் கிடைத்திருக்கிறது. நான் மாவு பிசைந்துகொண்டிருந்ததால் ஜெனி எடுத்தாள். அடுப்படியில் மாவிலிருந்து கையை எடுக்காமல் நின்றேன்.

"நைனா, ராமு, ஏஞ்சலெல்லாம் பூட்ச்சு. சித்தி தெரியாம போர் தண்ணி ஊத்திடுச்சு. நீ வூட்டுக்கு வந்து ஒண்ணியும் கேக்காத. அதுவே பாத்ரூம்ல அழுதுகினு இருந்துச்சு."

அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன். அப்படியும் அவளுக்குக் கேட்டிருக்கிறது.