ஜீப் ஏறும் நேரம்

டெல்லி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். நீ வேலை முடிந்து வரும்போது போனில் பேசினால் ஜீப் சத்தத்தில் பாதி கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கோடையில் நம் ஊர் கோம்பைக்கு வந்து, உன்னோடு ஏலக்காய்த் தோட்டம் போகும் பெண்களிடம் வேலை நேரம் கேட்டு எழுதினேனே, அதை எங்கள் பல்கலைக்கழகப் பொதுக் கொள்கைத் துறை அறிக்கையாக்கிவிட்டது. போன வாரம் அதிகாரிகளும் பொதுமக்களும் வந்த கூட்டத்தில் நான்தான் வாசித்தேன். தினமும் எட்டு மணி நேர வேலை என்றதும், "சட்டப்படிதானே நடக்கிறது" என்று ஓர் அதிகாரி திருப்தியாகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டதற்குப் பாண்டீஸ்வரி அக்கா, "எட்டு மணிக்குத்தான் தோட்டத்துல பேர் கூப்பிடுவாக" என்றாள். நீயும் அதையேதான் சொன்னாய். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுவதை யாரும் வேலையில் சேர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மேடையிலேயே கணக்கு தப்பு என்று சொல்லிவிட்டேன். பேராசிரியர் திட்டவில்லை, எல்லாருக்கும் கடிதம் எழுதி மறுபடி கேட்கச் சொல்லிவிட்டார். அந்த வேலையில் கொஞ்சம் அசதி, வேறொன்றுமில்லை.

கறிவேப்பிலைப் பொடி அனுப்பு, இங்கே சோறு இறங்கவில்லை. நீ எழுந்திருக்கும் நேரம், ஜீப் ஏறும் நேரம், வீடு திரும்பும் நேரம் மூன்றையும் ஒரு வாரம் காலண்டரில் குறித்துவை. பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் நான் கண்விழிக்கையில் நீ வீட்டில் இருந்ததில்லை. எத்தனை மணிக்குப் போனாய் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

வகுப்புக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்
ஹேமாவதி