முந்நூற்று அறுபத்தைந்தாவது படி

இன்று காலை மழை விட்டதும் பின்கதவைத் திறந்தேன். கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் இரும்புக் குழாயை எடுத்தபோது ஈரத் துரு உள்ளங்கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தேன். ரத்த வாடை. துருவுக்கும் ரத்தத்துக்கும் ஒரே வாடைதான் என்று ஐம்பது வருஷத்துக்கு முன்பு உன் ரத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன். மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகளை விரட்ட இதை வைத்திருப்பதாக அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறேன். உன் இடது கையின் இரண்டு விரல்களை உடைத்த குழாய் என்று யாருக்கும் தெரியாது.

நீ செத்து மூன்று மாதமாகிறது. உன் ஒவ்வொரு ரெக்கார்டு வெளிவந்தபோதும் உனக்குத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் நீ பதில் போடவில்லை. இதற்கும் போடமாட்டாய். இந்த முறையாவது உனக்குத் தக்க காரணம் இருக்கிறது.

அரக்கோணம் லோக்கலில்தானே முதலில் சந்தித்தோம்? நீ ரயில்வே காலனி இன்ஜின் டிரைவரின் மகன், ஆங்கிலோ இந்தியன், எங்கள் பேச்சில் சட்டைக்காரப் பையன். நான் திருத்தணியில் பம்பை அடிக்கிறவரின் மகன். கதவோரம் நின்று பெட்டியின் தகரத்தில் விரலால் தட்டிக்கொண்டு வந்தேன். நீ மறுகோடியிலிருந்து ஆட்களை இடித்துக்கொண்டு வந்தாய்.

"அது இன்னா கணக்கு மேன்?"

"ஏழு."

"ஏழா? யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் இல்ல. காது கீதுல்ல."

அன்றிலிருந்து எனக்குப் பெயர் பம்பை. சொந்தப் பெயரை நீ ஒருநாளும் கேட்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு உன்னை மலைக்குக் கூட்டி வந்தேன். காவடிகளுக்கு நடுவில் செருப்பில்லாமல் ஏறினாய். வெயிலில் கல் கொதித்தது. "காலு சுடுது மேன், செத்தேன்" என்று கத்திக்கொண்டே குதித்துக் குதித்து ஏறினாய். முன்னால் என் நைனா பம்பை அடித்துக்கொண்டு போனார். நான் படிக்கு ஒரு தட்டாக ஏழு ஏழாக எண்ணிக்கொண்டு வந்தேன். ஐம்பத்திரண்டு ஏழு முடிந்தபோது முந்நூற்று அறுபத்து நான்கு. மேலே இன்னும் ஒரே ஒரு படி இருந்தது. அதில் நின்று நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகு வருகிற அந்த ஒன்று. உனக்கு மயிர் சிலிர்த்ததைப் பார்த்தேன். "இதான் மேன் பாட்டு" என்றாய். "இதுக்கு மேல எவனாலயும் முடிக்க முடியாது."

இதை நீ சொன்னாய். நான் மறக்கவில்லை.

நான்கு மாதம் வேலை செய்தோம். உன் மெட்டு, என் தாளம். மூன்று நிமிஷப் பாட்டுக்கு ஆடிப் பழகிய ஊரில் இருபது நிமிஷத்துக்கு ஒரு பாட்டு. அடிவாரச் சந்தடி ஒரு பகுதி, வெயில் ஒரு பகுதி, கடைசியில் படி. எனக்கு டிரம்ஸ் வாங்க வழியில்லை. எண்ணெய் டின்களில் தோல் கட்டினேன். சிம்பலைத் தாங்க ஒரு தண்ணிக் குழாயை அறுத்துக் காலும் வைத்தேன். இதே குழாய்.

நாம் வாசிக்கவிருந்த கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ரயில்வே கிளப் ஹாலில் நடந்த ஒத்திகையில், பட்டப்பகலில், பியானோவிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாய்.

"கடைசில ஒண்ணு எச்சா கீது மேன். தூக்கிடலாம்."

"எச்சாவா? மலை மேல நின்னப்ப எச்சாவா தெரியலையா?"

"ஏழுக்கு ஆடறதே அவங்களுக்குக் கஷ்டம். அதுல இது வேறயா? தடுக்கி வுழுவாங்க."

"வுழட்டும். நீ குதிச்சுத்தானே ஏறுன?"

"த பாரு, எனக்கு நோட்டு எழுதத் தெரியும். கோயில் மோளம் அடிக்கிறவன் எனக்குப் பாடம் எடுக்காத."

"ஆங். எங்க நைனா அடிச்சாரு. நானும் அடிக்கிறேன்."

சிம்பல் தரையில் உருண்டு போனது எனக்குக் கேட்டது. குழாய் என் கையில் எப்படி வந்தது என்று கேட்காதே. தெரிந்துதான் எடுத்தேன். பியானோமேல் விரிந்து கிடந்த உன் இடது கையில் இறக்கினேன். மூன்று கட்டைகளும் இரண்டு விரல்களும் ஒன்றாக நொறுங்கின. எது கட்டையின் சத்தம், எது எலும்பின் சத்தம் என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியும். நீ கத்தவில்லை. வலது கையால் சோடா பாட்டிலை எடுத்து என் புருவத்தில் உடைத்தாய். இரண்டு பேரும் தரையில் புரண்டோம். உன் காதைக் கடித்தேன். நீ என் தலையை பியானோவின் காலில் மோதினாய். உன் அப்பா வந்து பெல்ட்டால் விளாசித்தான் நம்மைப் பிரிக்க முடிந்தது.

ஒரே ரிக்‌ஷாவில், ஒரே துண்டில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கம்பவுண்டர் கேட்டார்.

"யாருப்பா அடிச்சது?"

"டிரெய்ன் கதவு சார்" என்றாய் நீ.

"அப்ப இவனுக்கு?"

"இவனுக்கும் அதே கதவுதான் சார்."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன். பிற்பாடு கரும்பு ஆலையில் கிடைத்த ஃபிட்டர் வேலையும் கிடைத்திருக்காது. எல்லாம் தெரியும். உன்னை யார் கேட்டது?

அடுத்த வருஷம் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டாய். அதன் பிறகு உன் வாழ்க்கையை நான் அரக்கோணம் பழைய பேப்பர் கடைகளில் படித்தேன். ரெக்கார்டு உறைகளை அகராதியோடு படித்தே இங்கிலீஷ் கற்றேன். மதுக்கடைகளில் ஆர்கன் வாசித்தாய். உன் பேண்டு வந்தது. நம் பாட்டு ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடியது. வெள்ளைக்காரப் பையன்கள் தலையாட்டினார்கள். இரண்டு விரல் மடங்காததால் கீழ்ச்சுரத்தையெல்லாம் ஆர்கனின் கால்கட்டைகளை மிதித்து வாசித்தாய், அதைப் புது பாணி என்று எழுதினார்கள். பிறகு நீ சேர்த்த ஆட்களே உன்னை வெளியே தள்ளி, நீ வைத்த பெயரிலேயே ஊர் ஊராக வாசித்தார்கள். அதைப் படித்த அன்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் அவர்களையும் திட்டி ஒரு கடிதம் போட்டேன். சினிமாவுக்கு இசையமைத்தாய். கிழவனான பிறகு, நரைத்த தலைகள் நிறைந்த அரங்குகளில் மறுபடி அதே பாட்டு.

எந்த ரெக்கார்டிலும் என் பெயர் இல்லை. அதைக்கூட விட்டேன். கடைசித் தட்டு எங்கே? நோட்டு படிக்கவும் நானே கற்று, படிப் பகுதியின் தட்டு ஒவ்வொன்றையும் எண்ணினேன். முந்நூற்று அறுபத்து நான்கு. அவ்வளவுதான். பேட்டிகளில் விரல் பற்றிக் கேட்டால் டிரெய்ன் கதவு. என் தாளத்தை எடுத்தாய். என் அடியையும் எடுத்து ஒரு கதவுக்குக் கொடுத்தாய்.

போன மாதம் உன் மகள் போன் செய்தாள். உன் அலமாரியில் என் கடிதங்கள் எல்லாம் ஒரு பெட்டியில் இருந்தனவாம். தமிழ் அவளுக்குப் படிக்க வராது. கடைசிக் கடிதத்தின் அடியில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். நீ அவளுக்குக் கற்றுக்கொடுத்த தமிழ் ஒரே வாக்கியம்தான் என்று சொல்லிக் காட்டினாள்: "கம்முனு இரு மேன்." உன் குரலேதான்.

பிறகு அவள் இங்கிலீஷில் கேட்டாள். உன் ரெக்கார்டுகளையெல்லாம் சேர்த்து வெளியிடுகிறார்கள், கூடவே உன் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம். விரல் போன கதையை உறுதி செய்ய ஆள் வேண்டும். "ரயில் கதவுதானே, அங்கிள்?"

ஆமாம் என்று சொன்னால் நான் எங்குமே இல்லாதவன். இல்லை என்று சொன்னால் உன்னை நேசிக்கும் அத்தனை பேருக்கும் நான் உன் கையை உடைத்த அயோக்கியன். பின்கதவின் குழாய் கண்ணெதிரே இருந்தது.

"கதவில்லை அம்மா. நான்தான்."

போனை வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"ஏன்?"

சொன்னேன். படி, ஏழு, ஐம்பத்திரண்டு, மிச்சம் ஒன்று. நீ சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு, அந்தத் தட்டு போய்விடவில்லை என்றாள். அப்பாவின் கையெழுத்துப் பிரதியில் கடைசியில் ஒரு தட்டு இருக்கிறது, வெறும் மௌனமாக. வாசிப்பவர்கள் எல்லோரும் இது எதற்கு என்று கேட்பார்கள். 'தொடாதே, அது என்னுடையதில்லை' என்பார்.

படம் பிடித்து அனுப்பினாள். மௌனக் குறியின் மேல் பென்சிலில், உன் கோணல் எழுத்தில், என் பட்டப்பெயர்.

செல்போனில் உன் கச்சேரிகளை மறுபடி பார்த்தேன். எல்லாவற்றிலும் கடைசியில் இடது கையைத் தூக்குகிறாய். மடங்காத இரண்டு விரல்களும் நீட்டி நிற்கின்றன. அரங்கம் மூச்சை அடக்குகிறது. அடிக்காமல் இறக்குகிறாய். இதை நூறு முறை பார்த்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் காயத்தைக் காட்டுகிறான் பார் என்று பல்லைக் கடித்திருக்கிறேன்.

இதனால் மனசு இளகிவிட்டது என்று நினைக்காதே. மௌனம் தட்டு ஆகாது. எனக்கென்று அந்தத் தட்டை ஒதுக்கி வைத்தவன் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் அடுத்த விமானத்தில் வந்து அடித்திருப்பேன். உன் மகள், புத்தகத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டாள். "கதவை எடுத்துட்டு என் பேரைப் போடு" என்றேன். முதல்முறையாக உன் வீட்டில் ஒருத்தி என் சொந்தப் பெயரைக் கேட்டு எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள்.

துருவை முகர்ந்த கையோடு, குழாயை ஊன்றிக்கொண்டு இன்று மலை ஏறினேன். முட்டி இரண்டும் எரிந்தன. ஏழு ஏழாக எண்ணினேன். ஐம்பத்திரண்டு முடிந்து நின்றேன். நீ கையைத் தூக்குவது தெரிந்தது. நான் குழாயைக் கடைசிப் படியில் இறக்கினேன். கல்லில் பொறி பறந்தது. பூக்கடைக்காரர்கள் திரும்பினார்கள். காவலாளி ஓடி வந்தான்.

"யோவ் பெருசு, இன்னா பண்றே? யாரை அடிக்கிறே?"

"அடிச்சு முடிச்சிட்டேன். போ."

உள்ளங்கை கிழிந்திருந்தது. இறங்கி வந்து கட்டுப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். குழாயின் அதிர்வு தோள்வரை ஏறியது இன்னும் நிற்கவில்லை. அது நிற்கும்வரை நீ என்னிடம் பேசாதே.