குடிலுக்குப் பூட்டு கிடையாது

12-6-98, வெள்ளி
காலையிலிருந்து தூறல். மலைக்குடில் வரைபடம், மூன்றாவது திருத்தம்.
– கூரை ஓரம் இன்னும் வெளியே வர வேண்டும். மேலே மழை பக்கவாட்டில் அடிக்கும்.
– தேக்கு வேண்டாமென்று திரும்பவும் எழுத. காபித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் போதும். காட்டில் ஒரு மரம்கூட வெட்டக் கூடாது.
– எந்தத் துண்டும் ஓர் ஆள் சுமக்கிற கனம்தான். அங்கே ரோடு இல்லை.
– இவருக்கு மாத்திரை. பால்.

மதியம் ஆபீசுக்கு, இவரைப் பார்த்துக்கொள்ளும் மேரியின் போன். "அம்மா, சாரைக் காணோம்மா! துணி காயப்போட மாடிக்குப் போனேன், அதுக்குள்ள கேட்டு தொறந்துகெடக்கு." போட்டது போட்டபடி ஆட்டோ பிடித்து ஓடினேன். பஸ் ஸ்டாப் பக்கத்துப் பேக்கரியில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் டீ கொடுத்து உட்கார வைத்திருக்கிறார், நல்ல மனுஷர். மடியில் என் குடை.

"எங்க கிளம்பிட்டீங்க?"
"மலைக்கு. பஸ் இன்னும் வரல."

முப்பது வருஷம் காலேஜில் பூகோளம் நடத்தியவர். பிரேசர் டவுனில் சொந்தத் தெரு தெரியவில்லை. ஆட்டோவில் அழுதேன். அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

15-6, திங்கள்
மழை இல்லை, புழுக்கம். காட்டிலாகா அதிகாரி போனில். எல்லாம் பிடித்திருக்கிறதாம், கதவு மட்டும் பிடிக்கவில்லையாம். "பீகா பேக்கே பேக்கு, மேடம்" என்று கன்னடத்தில். பூட்டு இருந்தே ஆக வேண்டும், சாவி கீழே ஊரில் ஃபாரஸ்ட் கார்டிடம் இருக்கும்.

"மழையில நனைஞ்சு ஏறி வர்றவன் திரும்பக் கீழ இறங்கி சாவி வாங்கணுமா சார்?"
"பூட்டலேன்னா குடிகாரங்க வருவாங்க. பொறுப்பு யாரு, நீங்களா?"

நான்தான் என்று சொல்லிவிட்டேன். வாய் எனக்கு.

என் பிடிவாதத்துக்குக் காரணம் அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு முன்னால், கூட்டமாக மலையேறப் போனபோது நானும் இவரும் பின்தங்கிவிட்டோம். மேலே பங்களா பூட்டியிருந்தது, கார்டு சாவியோடு கீழே போய்விட்டான். கொட்டுகிற மழை. வராந்தா மூலையில் நடுங்கிக்கொண்டு நான். என் பெயர்கூடத் தெரியாது அவருக்கு. "பயப்படாதீங்க. விடியற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கலாம்" என்றார். பிறகுதான் பெயர் கேட்டார். மலையில் இருக்கிற கதவுக்குப் பூட்டு கூடாது என்பது அன்றைக்கு அவர் சொன்னது. நான் அதையே இத்தனை வருஷமாக வரைந்துகொண்டிருக்கிறேன்.

மேரி மருமகளுக்கு மாசம் நெருங்கிவிட்டது. வெள்ளியிலிருந்து ஒரு மணிக்கெல்லாம் ஜோகுபாளையம் போயாக வேண்டும். மதியத்துக்கு வேறு ஆள் தேடியாயிற்று, ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை.
"வெளிய பூட்டிட்டுப் போறேம்மா. வேற வழி?"
கத்திவிட்டேன் அவளை. அப்புறம் காபி போட்டுக் கொடுத்தேன்.

17-6, புதன்
சிவாஜிநகர் ஆசாரியிடமிருந்து குடில் கதவுத் தாழ்ப்பாளின் மாதிரி வந்தது. நீள மரப்பிடி, சாய்த்தால் திறக்கும். விரல் விறைத்துப்போனாலும் முழங்கையால் அழுத்தலாம், உள்ளே இருந்தும் வெளியே இருந்தும்.

வீட்டுக்கு எடுத்துவந்து மேஜை ஓரத்தில் மாட்டினேன். சாயங்காலம் முழுக்க ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எத்தனை நாளாயிற்று பார்த்து!

"நல்லா இருக்கே. யார் பண்ணது?"
"நான் வரைஞ்சது."
"நீங்களா? கெட்டிக்காரங்கதான்."

நீங்களாம். இருபத்தாறு வருஷமாக 'வசு, நீ, வாடி' எல்லாம் கேட்ட காது இது.

19-6, வெள்ளி
வெயில். ஹார்ட்வேர் கடையில் பூட்டு வாங்கினேன். கடைக்காரர்: "நல்ல கெட்டி ஐட்டம் மேடம், யானை வந்தாலும் தொறக்காது." என் வீட்டில் யானை இல்லை என்று சொல்லத் தோன்றியது.

அதிகாரிக்கு டைப் அடித்த கடிதமும் அதே பையில். 'குடிலின் கதவு எந்த நேரத்திலும் யாரும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.' அதன்மேல் புதுப் பூட்டு. வெட்கம் கெட்ட ஜன்மம் நான்.

மேரிக்குச் சொல்லிக் கொடுத்தது: கேஸ் மூட. ரேடியோ போட. தண்ணீர், பிஸ்கட் கைக்கெட்டுகிற மாதிரி. தீப்பிடித்தால்? குடிலுக்கு இரண்டாவது வழி வைத்திருக்கிறேன், வீட்டுக்கு இல்லை. பக்கத்து வீட்டில் இன்னொரு சாவி.

சாயங்காலம் திறந்தபோது கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். மேஜையிலிருந்து தாழ்ப்பாளைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கதவில் எங்கே பொருத்துவது என்று பார்த்தாராம்.

23-6, செவ்வாய்
மீட்டிங். ஒத்துக்கொண்டார்கள்! பூட்டு கிடையாது, ஒரு போர்டு மட்டும்: 'வருகிறவர் தங்கலாம், போகும்போது சாத்திவிட்டுப் போகவும்.' அதிகாரியே கை கொடுத்தார். "ஜெயிச்சிட்டீங்க மேடம்."

இவரிடம் சொல்ல வேண்டுமென்று மனசு அடித்துக்கொண்டது. புரியாவிட்டால் என்ன. அதற்குள் பேய் மழை, அல்சூர் பக்கம் முழங்கால் தண்ணீர், ஆட்டோக்காரர் பாதியில் இறக்கிவிட்டார். மிச்சம் நடை. தொப்பலாக நனைந்து வந்தால் தெருவில் கரண்ட் இல்லை. பூட்டைத் தடவினேன். சத்தம் கேட்டு உள்ளே அவர் கதவைத் தட்டினார்.

"வெளிய யாருங்க? மழைல நிக்கிறீங்களா?"
"நான்தான்."
"பூட்டிக்கெடக்குங்க. கார்டு சாவி எடுத்துக்கிட்டுக் கீழ போயிட்டான்."

சாவி என் கையில்.

"பயப்படாதீங்க. விடியற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கலாம்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, கதவுக்கு அந்தப் பக்கம், என் பெயர் கேட்டார். சொன்னேன்.