வழியில் நிற்காத வண்டி

என்னங்க,

தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் நீங்கள் விற்ற நம் பழைய காரை இன்று காலை திரும்ப வாங்கிவிட்டேன். வளையலை விற்ற காசுக்கு அதுதான் கிடைத்தது.

ஆறு வருடத்துக்கு முன்பு அக்கா வீட்டில் அம்மா சாகக் கிடந்தபோது, ரயிலில் இடமில்லை, காரிலேயே போய்விடலாம் என்று கெஞ்சினேன். “ஆயிரம் கிலோமீட்டரா? இந்த ஓட்டை வண்டி பாதி வழியில நின்னுடும்” என்றீர்கள். நம்பினேன். மறுநாளே அதை விற்றும்விட்டீர்கள். அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை.

சாவியைக் கொடுக்கும்போது மருந்துக்கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: “வருஷா வருஷம் பொண்ணு வீட்டுக்கு இதுலதான் போவோம்மா. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். ஒரு தடவைகூட வழியில நின்னதில்ல. விக்கும்போதே உங்க வீட்டுக்காரர் சொன்னாரு, இன்ஜின் கல்லு மாதிரி இருக்குன்னு.”

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். அக்கா வீட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். பேசுவதும் பேசாததும் அவள் இஷ்டம். வண்டி பாதி வழியில் நின்று நான் திரும்பி வந்துவிடுவேன் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

இப்படிக்கு,
இத்தனை நாளும் உங்கள் பேச்சை நம்பியவள்