ஏர் விலகிய மூலை

என் செருப்பில் சாம்பல் நிற மண் ஒட்டியிருக்கிறது. நம் ஊரில் எங்கு நடந்தாலும் செம்மண்தான் ஒட்டும். இந்த நிறம் ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு. அது எந்த இடம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டிவிட மனமில்லாமல் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நீ உழுத கொல்லையில், நீ போய்ச் சேர்ந்த பிறகு, உன் மகள் நான்கு வீடுகள் கட்டப் போகிறாள். மருமகன் வளைகுடாவில் சம்பாதித்தது முழுவதும் அந்த வீடுகளின் வரைபடத்தில்தான் இருக்கிறது. பக்கத்து நிலத்தில் முன்பு முதுமக்கள் தாழிகள் கிடைத்ததால், கட்டுவதற்கு முன் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொல்லியல் ஆட்கள் வந்தார்கள். கயிறு கட்டிச் சதுரமாக மூன்று குழிகள். வெங்காயத்தை உரிப்பது போல மண்ணை மெல்ல மெல்ல வழித்தெடுத்தார்கள். மூன்றிலும் ஒன்றுமில்லை.

"இன்னும் ஒரு குழி சார். அதுவும் இப்படியே இருந்தா கட்டிக்கலாம்னு எழுதிக் கொடுத்துருவோம்" என்றார் அதிகாரி. என் பழைய மாணவிகளின் வயதுதான் அந்தப் பெண்ணுக்கு.

நாலாவது குழிக்குக் கயிறு கட்டியது கிணற்றடியில். உன் மூலையிலிருந்து வெகு தூரம்.

அந்த மூலையை நாம் கண்டது பல வருடங்களுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில். நீ உழுதாய், நான் பேசிக்கொண்டே கூட நடந்தேன். ஏரின் கொழு எதிலோ தட்டி நின்றது. கையால் மண்ணை விலக்கினோம். அண்டாவின் வாய் அகலத்துக்கு ஒரு தாழியின் விளிம்பு, உள்ளே சாம்பல் மண். இறந்தவர்களை அந்தக் காலத்தில் எப்படிப் புதைத்தார்கள் என்று நான் பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

"மெதுவாப் பேசு வாத்தியாரே. ஆளு தூங்குது" என்றாய். திரும்ப மூடினாய். "வெளிய தெரிஞ்சா தோண்டிப்புடுவாங்க. ஒன் வாய்தான் எனக்குப் பயம்."

அதன்பின் ஒவ்வோர் உழவிலும் அந்த மூலை வந்ததும் ஏரைத் தூக்கி விலகினாய். கூடத்தைப் பெருக்குகிறவர்கள் தூங்கும் பிள்ளையைச் சுற்றிப் பெருக்குவார்களே, அப்படி. நானும் வாயைத் திறக்கவில்லை.

இன்று யோசித்தேன். சொன்னால் உன் மகளின் வீடு நின்றுபோகலாம். சொல்லாவிட்டால் அஸ்திவாரம் தோண்டும் இயந்திரம் தாழியை நொறுக்கிவிடும். தோண்டிவிடக் கூடாது என்றுதானே என் வாயைக் கட்டினாய்?

அதிகாரியை அழைத்துப்போய், பழைய பனைமரம் நின்ற இடத்துக்கு நேரே என்று குத்துமதிப்பாகக் காட்டினேன். பனையோ விழுந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர்கள் தோண்டத் தோண்டச் செம்மண்தான் வந்தது. எனக்கே கனவாகத் தோன்றியது. நீ, நான், தாழி எல்லாமே.

உன் மகள் குழி ஓரத்துக்கு வந்தாள்.

"இன்னும் எட்டடி இங்கிட்டு வாங்க சார்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன்.

"நான் கஞ்சி கொண்டுவருவேன்ல? இந்த எடம் வந்தா அப்பா ஏரைத் தூக்கும். கடைசில செவலைக் காளை அதுவாவே ஒதுங்கிச்சு. நீங்க சொல்லிப்புடுவீங்களோன்னு மூணு நாளாத் தூக்கம் இல்ல. சொல்லாமப் போயிருவீங்களோன்னும் பயமா இருந்துச்சு."

எட்டடி தள்ளி வழித்ததும் சாம்பல் மண் தெரிந்தது, பிறகு விளிம்பு. படம் எடுத்து, அளந்து, மணல் போட்டு மூடிவைத்திருக்கிறார்கள். மூலையை விட்டுவிட்டுக் கட்டலாம் என்று அதிகாரி எழுதுவாராம். மேலிடத்தில் என்ன முடிவாகும் என்று தெரியாது. உன் மகள் ஒரு குச்சியை எடுத்துத் தரையில் நான்குக்குப் பதில் மூன்று வீடுகள் வரைந்தாள். கடைசிச் சுவரை அந்த மூலைக்கு முன்பே வளைத்துத் திருப்பினாள். ஏர் திரும்பிய அதே வளைவு.

திரும்பும்போது உன் மகளோடு பேசிக்கொண்டே அந்த இடத்தைக் கடந்துதான் வந்தேன். மணலுக்கு அருகில் வந்ததும் என் பேச்சு நின்றது. கால் தானாக ஒதுங்கியது, உன் செவலையைப் போல.