யோஸ்த் போட்ட 8.7

செப்டம்பர் 9, செவ்வாய்

பெல்ஜியத்திலிருந்து ஒருவன் வந்து நம் பியர் கடையில் உட்கார்ந்திருக்கிறான். பெயர் யோஸ்த். பிரேசில் முழுக்க ஊர் ஊராகப் போய், உள்ளூர் பியரைக் குடித்து, பத்துக்கு இத்தனை என்று நோட்டில் மார்க் போடுகிறான். இதெல்லாம் ஒரு பிழைப்பா? வால்டிரைக் கட்டிக்கொண்டதற்கு இவனைக் கட்டியிருக்கலாம்.

வந்ததும் வராததுமாக ஒரு பாவம் செய்தான். வெண்பனி பூத்த பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறேன். கிளாஸில் ஊற்றிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறான்! "குளிர் சற்று இறங்கட்டும், அம்மையீர். அப்போதுதான் சுவை வெளிப்படும்" என்கிறான். எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்தவன். தினமும் வருகிற ஜெனிவால் சிலுவை போட்டுக்கொண்டான்.

செப்டம்பர் 10, புதன்

ஊரே குடிக்கிற பியருக்கு 2.4! "நல்ல குளிர்ந்த தண்ணீர்" என்று எழுதியிருக்கிறான். ஜெனிவால் கொதித்துவிட்டான். "யோவ், என் கல்யாணத்துல ஓடுன பியருய்யா அது!"

யோஸ்த் பணிவாகக் கேட்டான்: "திருமணம் நன்றாகப் போகிறதா?"

ஜெனிவால் இன்னொரு பாட்டில் கேட்டான்.

செப்டம்பர் 12, வெள்ளி

வால்டிர் மறுபடி ஆரம்பித்துவிட்டான். கொல்லைக் கொட்டகையில் நான் பியர் காய்ச்சுவது அவன் கண்ணை உறுத்துகிறது. அங்கே ஸ்னூக்கர் மேசை போட வேண்டுமாம். ஏழு வருடமாக, நாவல் மாதிரி கறுத்துப் பழுக்கிற ஜபுதிகாபாப் பழம் போட்டு நானே காய்ச்சுகிறேன். எல்லோரும் "பிரமாதம் தால்வா" என்பார்கள், ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியாதா என்ன?

வாய் சும்மா இருக்கவில்லை. "நாளைக்கு அந்த வெளிநாட்டான் ருசி பார்க்கட்டும். ஆறுக்குக் கீழ போட்டான்னா கொட்டகை உனக்கு" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

ஏன் சொன்னேன்? ஏன்?

செப்டம்பர் 13, சனி

முதல் வாய் குடித்துவிட்டு யோஸ்த் முகத்தைச் சுளித்தான். பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வாய் கொப்பளிக்கப் போனான். இருபது நிமிடம் கழித்துத்தான் மார்க் போடுவானாம். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் அடுக்களைக்குள் போய்ப் பன்றித்தோல் வறுத்தேன். இரண்டு தட்டு கருகிப் போனது.

திரும்பி வந்தால் யோஸ்த் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருக்கிறான். "அதிசயம்! ஊதா நிறம் இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. புளிப்பும் அடங்கிவிட்டது."

8.7!!

எல்லோர் முன்னாலும் அழுதேன். இந்தப் பயணத்தில் அவன் போட்ட அதிகபட்ச மார்க்காம். வால்டிரின் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே — பேயறைந்த மாதிரி.

செப்டம்பர் 14, ஞாயிறு

8.7. பூசையில் பாதிரியாரிடமும் சொன்னேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஜெனிவால் உளறிவிட்டான். இரண்டாவது பாட்டிலில் வாய் திறக்கிற ஜாதி அவன்.

"அன்னைக்கு அந்தக் கிளாஸ் பாதி காலியா, குளிர் விட்டுப்போய்க் கிடந்துச்சு தால்வா. பாக்கவே பாவமா இருந்துச்சு. அவன் ஃப்ரீசர்ல இருந்து ஜில்லுனு ஒன்னு எடுத்து ரொப்பி விட்டுட்டான்."

"எவன்?"

"உன் புருஷன்தான்."

அந்த 2.4 பியரை! யோஸ்தின் அதிசயத்துக்குக் காரணம் இதுதான். ஸ்னூக்கர் மேசைக்கு நாக்கைத் தொங்கப்போட்ட மனுஷன், தன் கையாலேயே தன் பந்தயத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான். விருந்தாளி கிளாஸ் காலியாக இருந்தால் இந்த ஊரில் எவன் கைதான் சும்மா இருக்கும்?

"ஏன்யா சொல்லல?" என்று வால்டிரைப் பிடித்து உலுக்கினேன்.

தரையைப் பார்த்தபடி நின்றான். "சொல்லத்தான் வந்தேன். நீ அழுதுட்டு இருந்த. சந்தோஷத்துல நீ அழுது நான் பார்த்ததே இல்ல, தால்வா. அப்புறம் எப்படிச் சொல்றது?"

கோபப்படத்தான் வந்தேன். முடியவில்லை. ஆனால் 8.7 என்னுடையது இல்லையே. பாதிரியாரிடம் வேறு சொல்லித் தொலைத்தேன்.

செப்டம்பர் 17, புதன்

நாளைக் காலை யோஸ்த் கிளம்புகிறான். போய் உண்மையைச் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்தான். "அம்மையீர், நான்கு மாதமாக இந்த நாட்டில் மார்க் போடுகிறேன். இப்படி வேறு எங்கெல்லாம் நடந்திருக்கும்?"

எல்லா ஊரிலும்தான் நடந்திருக்கும். அதைச் சொல்லாமல் கொட்டகைக்குப் போனேன்.

புது கிளாஸ், கலப்படம் இல்லாத என் பியர். இருபது நிமிடம் கரண்டியோடு காவல் நின்றேன். ஜெனிவாலின் கை இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் அடி வாங்கியது.

5.8.

தலையாட்டிவிட்டு அடுக்களைக்குப் போனேன். அங்கே அழுதது யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 20, சனி

கொட்டகையைக் கழுவிவிட்டேன். பானைகளைக் கவிழ்த்து வைத்தேன். சத்தியம் என்றால் சத்தியம்.

அக்டோபர் 4, சனி

இரண்டு வாரமாகியும் மேசை வரவில்லை. இன்று நானே கேட்டேன்: "மேசை எப்ப வருது?"

"எந்த மேசை?" என்றான் வால்டிர். கையில் ஒரு கூடை ஜபுதிகாபா. கவிழ்த்து வைத்த பானையை நிமிர்த்தினான், பழத்தைக் கொட்டப் போனான், பாதியில் நிறுத்தினான்.

"தால்வா, ஒன்னு சொன்னா அடிக்க மாட்டியே?"

"சொல்லு."

"பழம் கொஞ்சம் ஜாஸ்தி. புளிக்குது."

"எப்ப இருந்து?"

"ஏழு வருஷமா."

அடித்தேன். துண்டால்தான். பிறகு கூடையில் பாதியை எடுத்து வெளியே வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.